முக்கால் மாத்திரை

காலை ஏழு மணிக்கு மரக்கடைக்காரர் குளியலறை வாசலில் குப்புற விழுந்து கிடந்தார். முதலில் பார்த்தவள் அவர் மனைவி. அவள் போட்ட கூச்சலில் மாடியிலிருந்து அவருடைய தம்பி இறங்கி ஓடி வந்தான். உடம்பு சில்லிட்டிருந்தது. நாடி கைக்கு அகப்படவில்லை. கதை முடிந்தது என்றே இருவரும் நினைத்தார்கள்.

முடியவில்லை. ஆஸ்பத்திரியில் ஓர் ஊசி போட்டதும் மூச்சு சீரானது. மறுநாள் கண் விழித்தார். அதன் பிறகுதான் டாக்டர் போலீசுக்குப் போன் செய்தார்.

"விஷமா டாக்டர்?" என்றார் இன்ஸ்பெக்டர் அம்மா. சுற்றி வளைத்துப் பேச அவருக்கு வராது.

"விஷம்னா எனக்கு நிம்மதியா இருந்திருக்கும் மேடம். இவர் உடம்புல வேண்டாதது எதுவும் இல்ல. வேண்டியதுதான் இல்ல."

"புரியற மாதிரி சொல்லுங்க."

"மூட்டு வீக்கத்துக்கு ஒரு வருஷமா ஸ்டீராய்டு மாத்திரை. இவ்வளவு நாள் சாப்பிட்டா, உடம்பு தானா சுரக்க வேண்டியதை மறந்துடும். அதனால கொஞ்சம் கொஞ்சமாத்தான் குறைச்சுக்கிட்டு வரணும். திடீர்னு நிறுத்தினா ஆள் இப்படித்தான் சரிவார்."

"நிறுத்தினது யாரு?"

"யாருமே நிறுத்தலையாம். தினமும் குடிச்சேன்னு அவரே அடிச்சுச் சொல்றார். மாத்திரையைப் பரிசோதிச்சாச்சு, அசல்தான். ஆனா உடம்புல போய்ச் சேரல." டாக்டர் குரலைத் தாழ்த்தினார். "சாயங்காலம் அவரை வீட்டுக்கு அனுப்பியாகணும். அதே வீட்டுக்கு. இன்னொரு தடவை விழுந்தா எழுந்திருப்பார்னு நான் சொல்ல மாட்டேன்."

வாய் வழியே போன மருந்து வயிற்றுக்குள் போகாமல் எங்கே போகும்? இன்ஸ்பெக்டருக்கு எரிச்சலாக வந்தது. திருடனைத் தேடலாம், காற்றையா தேடுவது?

மரக்கடைக்காரரின் முகம் மாத்திரையின் புண்ணியத்தில் இன்னும் பூசணிக்காய் போலிருந்தது. கட்டிலின் கால்மாட்டில் மனைவி ஃபிளாஸ்கோடு நின்றாள்.

"மருந்து எப்படிச் சாப்பிட்டீங்க?"

"முதல்ல ரெண்டு, அப்புறம் ஒண்ணு. அது வரைக்கும் நல்லாத்தான் இருந்தேன். அகோரப் பசி. குடம் குடமாத் தண்ணி குடிப்பேன், ராத்திரி பூரா பாத்ரூமுக்கு நடைதான். முக்கால் ஆக்கின பிறகுதான் காலே நிக்கல."

"முக்கால் எப்படி ஆக்கினீங்க?"

"கடையில இந்த ஒரு அளவுதான் கிடைக்குது மேடம். இதைவிடச் சின்னது எங்கயும் இல்ல. நாலா வெட்டினா தூள் தூளாப் போகுது. அதனால டாக்டர் தண்ணி முறை சொன்னார். ஒரு மாத்திரையை நுணுக்கி, சின்ன பாட்டில்ல நாலு பங்கு தண்ணியில போட்டு, மூணு பங்கை மட்டும் சிரிஞ்சுல உறிஞ்சிக் குடிக்கணும். தம்பிதான் இங்க வந்து கத்துக்கிட்டான். அவன் தயார் பண்ணுவான், இவ கொண்டுவந்து என் வாயில விடுவா."

"கசக்குமா?"

"மாத்திரை வேப்பங்காயாக் கசக்கும். இது பச்சைத் தண்ணி மாதிரி இறங்கிடும்."

"யார் மேலயாவது சந்தேகம்?"

அவர் சுவரைப் பார்த்தார். "தம்பி சொல்றான், சமையல்கட்டுலேருந்து கட்டிலுக்கு வர்ற வழியில இவ மாத்தியிருக்கலாம்னு. அதனால நேத்துலேருந்து நர்ஸ் கையாலதான் எல்லாம்."

மனைவியின் முகம் செத்துவிட்டது. இன்ஸ்பெக்டருக்கு அவளைப் பார்க்கச் சங்கடமாக இருந்தது.

வீட்டில் தம்பி விழுந்து விழுந்து உபசரித்தான். நடுவில் போன் வந்தது. "ஆமா, முதலாளிதான் பேசறேன். தேக்கு நாளைக்கு வந்துடும்" என்று சொல்லி வைத்தான்.

"மருந்தைக் காலையில தயார் பண்ணுவீங்களா?"

"ஊறட்டும்னு ராத்திரியே போட்டு வச்சிடுவேன். அண்ணி கண்ணெதிரதான். ஒளிவு மறைவு கிடையாது."

"ஐயோ!" என்று துள்ளினார் கூட வந்த ஏட்டு. உள்ளங்கை அளவு நாய்க்குட்டி ஒன்று அவர் பூட்ஸை நனைத்துவிட்டுக் குழாயடிக் கிண்ணத்துக்கு ஓடி, மிச்சமிருந்த தண்ணீரையும் நக்கித் தீர்த்து, இன்னும் வேண்டுமென்று குரைத்தது.

"நல்லாப் பழக்கின நாய் சார். இப்பத்தான் சில நாளா இந்தக் கூத்து" என்று தம்பி வழிந்தான். "எவ்வளவு ஊத்தினாலும் பத்தல, எவ்வளவு போட்டாலும் பசி."

"கிண்ணத்துல என்ன தண்ணி ஊத்துவீங்க?"

"குழாய்ல தண்ணி ஒழுங்கா வர்றதில்ல மேடம். டம்ளர், பாட்டில் எதைக் கழுவினாலும் இதுலதான் கொட்டுவோம். இந்த வீட்டு வழக்கம்."

ஏட்டு பூட்ஸைத் துடைத்துக்கொண்டே நாயை வைதார். இன்ஸ்பெக்டர் நாயையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு டாக்டருக்குப் போன் செய்து ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

மாலை ஐந்து மணி. எல்லோரும் கட்டிலைச் சுற்றி நின்றார்கள். மாத்திரை, பாட்டில், தண்ணீர், சிரிஞ்ச் எல்லாம் மேஜை மேல் இருந்தன.

"தம்பி, இன்னைக்கு மருந்தை நீங்களே தயார் பண்ணுங்க. டாக்டர் பார்க்கட்டும்."

அவன் மாத்திரையை நுணுக்கினான். தண்ணீர் அளந்தான். மூடியைத் திருகி, பாட்டிலைக் கை வலிக்கக் குலுக்கினான். தண்ணீர் பால் போல வெளுத்தது. வெளுப்பு அடங்குவதற்குள் மூன்று பங்கை உறிஞ்சினான். டாக்டர் தலையாட்டினார். ஒரு குறையும் இல்லை.

"என்ன தம்பி, இப்படிக் குலுக்குறீங்க?" என்றாள் மனைவி. "வீட்டுல பாட்டிலைத் தொடவே விடமாட்டீங்களே, நல்லாத் தெளியட்டும்னு?"

தம்பியின் கை அந்தரத்தில் நின்றது.

"இதைத்தான் எதிர்பார்த்தேன்" என்றார் இன்ஸ்பெக்டர். "இந்த மாத்திரை தண்ணியில கரையாது. குலுக்கினா தண்ணி பூரா தூளா மிதக்கும், விட்டா அடியில படியும். குலுக்கின உடனே உறிஞ்சணும். ராத்திரியே போட்டு, அசையாம வச்சு, மேல் தண்ணியை மட்டும் எடுத்தா, அது பேருக்குத்தான் மருந்து. அதான் கசக்கல. மருந்து பூரா அடியில நின்ன கால் பங்குல. அது போனது நாய்க் கிண்ணத்துக்கு. முழு மாத்திரை சாப்பிட்டப்ப உங்க அண்ணனுக்கு இருந்த பசியும் தாகமும் இப்ப அந்த நாய்க்கு. டாக்டர்கிட்ட கேட்டேன், நாய்க்கும் அப்படித்தான் வருமாம்."

"தெரியாம..."

"தெரியாதவன் இங்கயும் வீட்டுல பண்ண மாதிரியே பண்ணியிருப்பான். டாக்டர் பார்க்குறார்னதும் சரியாப் பண்ணீங்களே, அப்ப வீட்டுல பண்ணது தெரிஞ்சே பண்ணது."

தம்பி கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்துவிட்டான். "சாகணும்னு நினைக்கலண்ணே, சத்தியமா. நீ படுத்தே கிடந்தாப் போதும்னு... நீ எழுந்து வந்தா, நான் மறுபடி மரம் எண்ணப் போகணும்."

ஏட்டு தம்பியை எழுப்பிக் கூட்டிக்கொண்டு போனார்.

கதவு மூடியது. மரக்கடைக்காரர் மனைவியின் பக்கம் திரும்பினார். "வா, வீட்டுக்குப் போகலாம். உன் கையாலயே மருந்தைக் குடு" என்று வாயைத் திறந்தார்.

அவள் பாட்டிலை எடுத்தாள். முறைப்படி புதிதாகத் தயாரித்து, குலுக்கி, மூன்று பங்கை உறிஞ்சினாள்.

"உங்க தம்பி என்னைப் பத்திச் சொன்னதை நம்ப உங்களுக்கு எவ்வளவு நேரம் ஆச்சு?"

அவர் திறந்த வாயை மூடிக்கொண்டார்.

அவள் சிரிஞ்சை அவர் உள்ளங்கையில் வைத்து, விரல்களை மடக்கிவிட்டாள். "நீங்களே குடிச்சுக்குங்க. நான் தயார் பண்ணித் தரேன், பக்கத்துல நின்னு பார்த்துக்கறேன். என் கையால மட்டும் இனிமே கேக்காதீங்க."