காலித் தொட்டியில் உடம்புச் சூடு

தொட்டிக்குள் சொட்டுத் தண்ணீர் கிடையாது. ஆனாலும் அதன் சுவரை உள்ளிருந்து யாரோ தள்ளுவதாக லேப்டாப் காட்டியது.

சின்னக்கானல் எஸ்டேட்டில் தொழிலாளர்கள் குடியிருக்கும் லயத்துக்கு மேலே புதிதாக நிறுத்திய பிளாஸ்டிக் தொட்டி அது. வார்க்கும்போதே சுவருக்குள் தலைமுடி கனத்தில் கண்ணாடி இழைகளைப் பதித்திருந்தார்கள். சுவர் எங்கே விரிகிறது, எங்கே சுடுகிறது என்று இழைக்குள் ஓடும் ஒளி சொல்லிவிடும். அதைப் படித்து, தொட்டியைச் சோதிக்க வந்த பூமாரி சரி என்றால்தான் தண்ணீர் விடலாம். முன்பகலிலேயே மலையை மூடிவிட்ட பனிமூட்டத்தில், ஈரத் தேயிலையின் பச்சை வாடையும் புதுப் பிளாஸ்டிக்கின் நெடியும் மூக்கை அடைக்க, அவள் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டு உள்ளங்கை அகலத்துக்குச் சுவர் விரிந்திருந்தது. அதே இடத்தில் உடம்புச் சூடு.

மேனேஜர் பாண்டித்துரை போனில் கத்தினார். "வெயில் பட்டுச் சூடாகியிருக்கும். மோட்டாரப் போடச் சொல்லு!"

"வெயிலே இல்ல சார். சூட்டுக்குன்னு தனி இழை இருக்கு, அதுவும் இதத்தான் சொல்லுது. உள்ள ஆள் கெடந்தா யாரு பதில் சொல்றது? நான் ஒத்துக்க மாட்டேன்."

"என்ன, திமிரா?"

"ஆமா சார், திமிருதான்!" போனை வைத்துவிட்டாள்.

கூட வேலை செய்யும் ஜோபியை லேப்டாப் முன் உட்காரவைத்து, ஏணியில் ஏறி, மூடியைத் திறந்து உள்ளே இறங்கினாள். யாருமில்லை. வழவழப்பான சுவர்தான். அவள் மூச்சே நாலு பக்கமிருந்தும் திரும்பி வந்தது. திரையில் தடம் தெரிந்த இடத்தில் இரண்டு கைகளையும் அழுத்தினாள்.

"ஜோபி, என்ன தெரியுது?"

"சேச்சி கை மட்டும் தெரியுது. பழைய தடம் போச்சு."

"இப்ப எடுத்துட்டேன், பாரு."

மூடியை அண்ணாந்து பார்த்துக் குரலை உயர்த்தினாள்.

"எலே ஜோபி!"

"எடுக்கல சேச்சி. கை அங்கதான் இருக்கு."

அவள் கைகள் நெஞ்சோடு இருந்தன.

விழுந்தடித்து வெளியே வந்தாள். திரையில் அவள் கைகள் இன்னும் இருந்தன. அழுத்தின. தளர்ந்தன. மறுபடி அழுத்தின. ஒவ்வொரு அழுத்தலுக்கும், வெறுங்காற்றில், அவளுடைய உள்ளங்கைகள் தட்டையாகி வெளுத்தன.

"கர்த்தாவே..." என்று ஜோபி பின்னால் நகர்ந்தான்.

கீழே மோட்டார் உறுமியது. மேனேஜர் வேறு ஆளை வைத்துப் போட்டுவிட்டார்.

பூமாரி ஓடிப்போய், தொட்டிக்கு வரும் குழாயை அடைக்க வால்வுச் சக்கரத்தைப் பிடித்துத் திருகினாள். இறுகிக்கிடந்தது. குழாயில் தண்ணீர் ஏறும் சத்தம். அவள் பாதம் சில்லென்றது. குனிந்து பார்த்தாள். நின்ற இடம் காய்ந்துதான் கிடந்தது. முழங்கால் சில்லென்றது. இடுப்பு.

"நிப்பாட்டுங்கடா! உள்ள நான் இருக்கேன்!"

நெஞ்சு. கழுத்து.

மாட்டேன். விடமாட்டேன். சக்கரம் ஒரு சுற்றுத் திரும்பியது. இன்னும் பாதி திறந்திருந்தது. மறுபடி கத்த வாயைத் திறந்தாள். சத்தம் வரவில்லை. வாயிலிருந்து தண்ணீர் கொட்டியது. கைகள் மட்டும் சக்கரத்தைத் திருகிக்கொண்டே இருந்தன.