கார்முகில் பாவம் பார்த்த பயறு

எழில்மதிக்குக் கடலூர் போயே ஆக வேண்டும். பள்ளி அறிவியல் கண்காட்சியில் முதலில் வருபவரைத்தான் கடலூரில் நடக்கும் மாவட்டக் கண்காட்சிக்கு அனுப்புவார்கள். ஒரே ஒருவரை. அவள் வகுப்பில் எரிமலை செய்பவர்களே ஆறு பேர். அதனால் அவள் எரிமலையைத் தொடவில்லை.

"வைஃபை அலை பட்டா செடிக்கு ஏதாவது ஆகுதான்னு பாக்கப் போறேன் மிஸ்," என்றாள்.

"பெரிய பெரிய விஞ்ஞானிங்களே அதை இன்னும் பாத்துக்கிட்டுத்தான் இருக்காங்க," என்றார் கனகம் மிஸ். "நீயும் பாரு. என்ன தெரியுதோ அதை மட்டும் எழுது."

இரண்டு கிண்ணங்களில் ஈரப் பஞ்சு வைத்துப் பச்சைப்பயறு போட்டாள். ஒன்று முன்னறை ஜன்னலில், மோடத்தை ஒட்டி. இன்னொன்று பின்னறை ஜன்னலில். அங்கே போனில் வைஃபை ஒரு கோடுகூட வராது. தினமும் கிண்ணத்துக்கு மூன்று ஸ்பூன் தண்ணீர்.

யு.கே.ஜி. படிக்கும் தம்பி கார்முகில் பக்கத்திலேயே நின்றான்.

"மோடம் பக்கத்துல எதுக்குக்கா வச்ச?"

"அலை பட்டா வாடிப்போகுதான்னு பாக்க."

அவன் முகம் சுருங்கியது. அக்கா அதைக் கவனிக்கவில்லை.

ஆறாம் நாள், சனிக்கிழமை. பின்னறைப் பயறு வெளிறிப்போய்ச் சாய்ந்து கிடந்தது. மோடம் பக்கத்துப் பயறோ பச்சைப்பசேலென்று நின்றது!

அம்மா எட்டிப் பார்த்தார். "வைஃபை நல்ல உரம் போலிருக்குதேடி! தோட்டத்துல ஒரு மோடத்த வச்சிக்கினு கத்திரிக்கா போட்டுடலாம்."

எழில்மதிக்குத் தலைகால் புரியவில்லை. இப்படி ஒரு முடிவு வேறு யாரிடம் இருக்கப் போகிறது? சார்ட்டில் பெரிதாகத் தலைப்பு எழுதிவிட்டு, அந்தச் செல்லப் பயறைத் தடவிக் கொடுத்தாள்.

விரலில் சாம்பல் ஒட்டியது.

கொடியில் காயும் துணி, சைக்கிள் சீட், கொய்யா இலை என்று வெளியே இருக்கிற எல்லாவற்றின் மேலும் படியும், அனல்மின் நிலையப் புகைபோக்கியிலிருந்து வரும் மெல்லிய சாம்பல். ஆனால் இந்தக் கிண்ணம் வெளியே போகவே இல்லையே?

இலையைத் துடைத்துவிட்டால் யாருக்கும் தெரியாது. எழுதிய சார்ட் இருக்கிறது. கடலூர் இருக்கிறது. அவள் கை துணி வரைக்கும் போனது. பிறகு திரும்பி வந்தது.

"கார்முகிலு!" என்று கத்தப் போனவள் வாயைப் பொத்திக்கொண்டாள். அப்பாவுக்கு நைட் ஷிஃப்ட் வாரம். பகலில் அவர் தூங்கும்போது அந்த வீட்டில் குக்கர்கூடப் பயந்து பயந்துதான் விசில் அடிக்கும்.

தம்பியை இழுத்து வந்து கிசுகிசுப்பாகத் திட்டினாள். "இத வெளிய எடுத்துக்கினு போனியா?"

அவனும் கிசுகிசுப்பாகவே அழுதான். "தினமும் மத்தியானம் வெயில்ல வச்சேன். தண்ணியும் குடுத்தேன்."

"ஏன்டா?"

"பாவம்க்கா. ரொம்ப நேரம் போன் பாத்தா தலை வலிக்கும்னு அம்மா சொல்லுதில்ல? அது ராத்திரி பகலா மோடம் பக்கத்துலயே நிக்குது. அதுக்கும் வலிக்குமில்ல?"

சத்தம் போடாமல் ஒருவரைத் திட்டுவது கஷ்டம். சத்தம் போடாமல் அழுகிற ஒருவனைத் திட்டுவது அதைவிடக் கஷ்டம். எழில்மதி பாவாடை நுனியால் அவன் மூக்கைத் துடைத்துவிட்டாள். அப்போது அவன்மேல் அவளுக்குப் பாசம்தான் வந்தது.

ஆனாலும் சோதனை கெட்டுப்போய்விட்டது. கண்காட்சிக்கு இன்னும் ஏழே நாள். மறுபடி போட்டால் இவன் மறுபடி பாவம் பார்ப்பான். பாவம் பார்க்காதே என்று சொன்னால் கேட்கிற ஆளா இவன்?

நன்றாக யோசித்துவிட்டு அவன் முன்னால் உட்கார்ந்தாள்.

"இனிமே நீதான் ரெண்டையும் பாத்துக்கணும். ஆனா கிண்ணத்த நகத்தக் கூடாது. இதுக்கு மூணு ஸ்பூன்னா அதுக்கும் மூணு."

"பேசலாமா?"

"பேசலாம். இதுக்கிட்ட எவ்வளவு பேசுறியோ, அதுக்கிட்டயும் அவ்வளவு."

"பாவம்னு சொல்லலாமா?"

"ரெண்டுக்கும் சொல்லு. ஒரே அளவு பாவம்."

கார்முகில் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஸ்பூனைத் தேடப் போனான். அந்த வாரம் முழுவதும் முன்னறைக்கும் பின்னறைக்கும் அவன் நடந்த நடை கொஞ்சமல்ல.

கண்காட்சியன்று அம்மாவோடு அவனும் வந்திருந்தான். நடுவர் எழில்மதியின் சார்ட்டைப் படித்தார். 'முதல் சோதனை: கெட்டுப்போனது. காரணம்: தம்பி பாவம் பார்த்தான். இரண்டாம் சோதனை: மோடம் பக்கம் பதினொன்றரை சென்டிமீட்டர். பின்னறை பதினொன்று.'

"அப்போ வைஃபையால செடிக்கு ஒண்ணும் ஆகாதுன்னு சொல்லிடலாமா?"

"சொல்ல முடியாது சார். ரெண்டே கிண்ணம், ஏழே நாள். இதுல பெரிய வித்தியாசம் தெரியலை. எனக்குத் தெரிஞ்சது அவ்வளவுதான்."

நடுவர் சிரித்தபடி கார்முகில் பக்கம் குனிந்தார். "தம்பி, உண்மையைச் சொல்லு. உனக்கு எந்தக் கிண்ணம் ரொம்பப் பிடிக்கும்?"

அவன் இரண்டு கிண்ணங்களையும் பார்த்தான். பிறகு அவர் காதருகே போய், மெல்லச் சொன்னான்.

"மோடம் பக்கத்துல இருந்ததுதான் சார். ஆனா அதுக்கிட்ட நான் சொல்லவே இல்ல."

நடுவர் நிமிர்ந்து கனகம் மிஸ்ஸைப் பார்த்தார். "இவங்க ரெண்டு பேரும் கடலூர் வரட்டும்."

"ஒருத்தரைத்தானே சார் அனுப்பணும்?"

"சோதனையைச் செஞ்சது ரெண்டு பேராச்சே!"