நாலு பேர் ரூம்

டிவியில் ஹர்ஷினிக்குப் பக்கத்தில் இன்னோர் உருவம் உட்கார்ந்திருந்தது.

டிவிக்கு முன்னால் ஹர்ஷினி மட்டும்தான் நின்றாள். ஒன்பது வயது. டிவிக்கு அடியில் இருந்த கேமரா அவளைப் பார்த்துத் திரையில் ஒரு பச்சைப் பொம்மையாக வரைந்தது. அவள் குதித்தால் பொம்மையும் குதித்தது. அவள் கையை வீசினால் பொம்மை பலூனை உடைத்தது. அதற்கு வலப்பக்கம், மூலையை ஒட்டி, சாம்பல் நிறத்தில் ஒன்று சம்மணம் போட்டிருந்தது.

"ஏட்டி, அது என்னது?" என்றாள் அருணாதேவி.

"தெரியலம்மா. நேத்தும் இருந்துச்சு. ஆடவே மாட்டேங்குது. சும்மா கைய மட்டும் அசைக்குது."

ஜன்னல் திரையைத்தான் அந்தக் கேமரா ஆள் என்று நினைத்திருக்கும். அருணாதேவி திரையை இழுத்துக் கட்டினாள். உருவம் போகவில்லை. அவளும் அதற்குமேல் கவலைப்படவில்லை.

இந்தச் சாமானே அவளுக்குப் பிடிக்கவில்லை. கணவன் ராஜபாண்டியனுக்குச் சர்க்கரை முந்நூறைத் தாண்டியதும் மதுரை டாக்டர் தினமும் நடக்கச் சொன்னார். பட்டாசுக் கம்பெனி முதலாளி தெருவில் கையை வீசிக்கொண்டு நடப்பதாவது? விஷயம் தெரிந்து சிங்கப்பூரிலிருந்த கொழுந்தன் இந்த வீடியோ கேம் பெட்டியை அனுப்பிவைத்தான். வீட்டோடு ஆடலாம், குடும்பத்துக்கும் சந்தோஷம், உடம்பும் இளைக்கும் என்றான். முந்நூறு பேரை ஏவுகிற மனுஷன் பனியனோடு நின்று, இல்லாத மட்டையால் இல்லாத பந்தை அடித்துவிட்டு, ஜெயித்தேன் என்று பல்லைக் காட்டுவதைப் பார்க்க அவளுக்கு அருவருப்பாக இருந்தது. அருணாதேவிக்கு அருவருப்பு சுலபமாக வரும். கணவனின் தொப்பை, மூத்தவள் பிரீத்திகாவின் சோம்பல், சமையல்காரி வள்ளித்தாயின் வியர்வை நாற்றம், கம்பெனிப் பெண்களின் தூக்குவாளியில் மிதக்கும் பழைய சோறு. சின்னவள் ஹர்ஷினி ஒருத்தியைப் பார்க்கும்போதுதான் அவள் முகம் இளகும்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மழை பிடித்துக்கொண்டது. தீபாவளி முடிந்து கம்பெனி பூட்டிக் கிடந்தது. விருதுநகர் ரோட்டில் லாரி இரைச்சல்கூட இல்லை. ஓடுகிற தண்ணீரின் சத்தமும், நனைந்த சுண்ணாம்புச் சுவரின் வாடையும், அதற்கடியில் எங்கிருந்தோ மெல்ல ஏறிவந்த பட்டாசு மருந்தின் காரமும் சேர்ந்து, கண்ணாடிக் கதவுகளைச் சாத்திய அந்தப் பெரிய ஹாலுக்குள் ஈரத்துணியைப் போலப் படிந்திருந்தன. போர்ட்டிகோவில் நனைந்துவிட்டு ஈரக்காலோடு ஓடிவந்தாள் ஹர்ஷினி.

"அருணா, நீயும் வா. நாலு பேரு ஆடுற கேமு இருக்கு," என்றான் ராஜபாண்டியன்.

"எனக்கென்ன கிறுக்கா?"

"வாம்மா, வாம்மா," என்று ஹர்ஷினி முந்தானையைப் பிடித்து இழுத்தாள். அதனால்தான் வந்தாள்.

நால்வரும் வரிசையாக நின்றார்கள். திரை ஆங்கிலத்தில் எழுதியது: ஐந்து பேர் இருக்கிறீர்கள். நான்கு பேர்தான் ஆடலாம். ஒருவர் வெளியேறவும்.

"அப்பா தொப்பைய தனி ஆளா எண்ணிருச்சு," என்றாள் பிரீத்திகா.

ராஜபாண்டியன் வயிறு குலுங்கச் சிரித்தான். அருணாதேவி சிரிக்கவில்லை. அவள் மூலையைப் பார்த்தாள். வெறும் டைல்ஸ். திரையில் அதே மூலையில் சாம்பல் உருவம்.

"ஏ வள்ளித்தாய்! ஹாலுக்குள்ள வந்து நிக்கியா?"

"இல்லக்கா, அடுப்படிலதான் இருக்கேன்," என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

திரையில் எண்கள் இறங்கத் தொடங்கின. பத்து, ஒன்பது, எட்டு. யாரும் நகரவில்லை. பூஜ்யம் வந்ததும் ஹர்ஷினியின் பச்சைப் பொம்மை அணைந்தது. நின்றிருந்தவை மூன்று. உட்கார்ந்திருந்தது ஒன்று. ஆட்டம் தொடங்கிவிட்டது.

ஹர்ஷினி கேமராவுக்கு முன்னால் போய் இரண்டு கைகளையும் ஆட்டினாள். "அம்மா, என்னைய எண்ண மாட்டேங்குது."

பிரீத்திகா பந்தை அடிக்கத் தாவியபோது தங்கையின் காலை மிதித்தாள். சின்னவள் அலறினாள். பிரீத்திகா குனிந்துகூடப் பார்க்கவில்லை. ராஜபாண்டியனும் திரும்பவில்லை.

அருணாதேவி திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். சாம்பல் உருவத்தின் வலக்கை எதையோ அள்ளியது. இடக்கையில் எதுவோ இருப்பதுபோல அதற்குள் கொட்டியது. பெருவிரலால் அமுக்கியது. பிறகு தரையில் இரண்டு தட்டு. டொக். டொக். பிறகு விரல் படாமல், மணிக்கட்டால் மூக்கைத் துடைத்துக்கொண்டது.

விரலெல்லாம் மருந்து ஒட்டியிருப்பவர்கள்தான் மூக்கை அப்படித் துடைப்பார்கள்.

போன ஆவணி மாதம். சீசன். லோடு ஏற வேண்டும், புஸ்வாணம் போதவில்லை. வள்ளித்தாயின் தங்கை செல்வலட்சுமி வேலை கேட்டு வீட்டு வாசலில் வந்து நின்றாள். அக்காவிடம்கூட இன்னும் சொல்லவில்லை என்றாள். பெயரை ரிஜிஸ்டரில்கூட எழுதாமல் அவளைக் காரில் ஏற்றிக்கொண்டு போய், ஆமத்தூர்ப் பக்கத்துக் கம்பெனியின் பதினோராம் நம்பர் ரூமில் உட்காரவைத்தது அருணாதேவிதான். சுவரில் வெள்ளை பெயிண்டில் எழுதியிருந்தது: ஆட்கள் 4. உள்ளே ஏற்கெனவே நான்கு பெண்கள். "எடமில்லையேக்கா," என்றாள் ஒருத்தி. "ஒடுங்கி உக்காருங்கடி. உங்க உடம்புக்கு எம்புட்டு எடம் வேணும்?" என்றாள் அருணாதேவி. ஒருத்தி முழங்கால் இன்னொருத்தி மேல் இடிக்க உட்கார்ந்தார்கள்.

பதினோரு மணிக்கு அந்த ரூம் இல்லை. கிடைத்ததை நான்கு மூட்டையாகக் கட்டி நான்கு வீட்டுக்குக் கொடுத்தார்கள். அதிகாரி வந்து எத்தனை பேர் என்று கேட்டார். நாலு பேர்தான் சார் என்றாள் அருணாதேவி. தங்கையைக் காணோம் என்று வள்ளித்தாய் அழுதுகொண்டு வந்தபோது, "எவன்கூடவாவது திருப்பூருக்குப் போயிருப்பா. உங்க சாதிசனத்துக்கு இது புதுசா?" என்றாள். அக்காச் சிறுக்கி இன்னமும் திருப்பூரிலிருந்து போன் வருமென்று காத்திருக்கிறாள்.

அருணாதேவி பாய்ந்து பிளக்கைப் பிடுங்கினாள். விளையாட்டுப் பெட்டியின் விளக்கு அணைந்தது.

திரை அணையவில்லை.

வள்ளித்தாய் தட்டோடு வந்தாள். தட்டில் மூன்று டம்ளர் பால்.

"சின்னவளுக்கு எங்கட்டி?"

"யாருக்குக்கா?"

அருணாதேவி கத்தினாள். "ஹர்ஷினிக்குடி!"

"ஆத்தி, மறந்தே போயிட்டேன்." வள்ளித்தாய் திரும்பினாள். திரையைப் பார்த்தாள். நின்றாள்.

அள்ளியது. கொட்டியது. அமுக்கியது. டொக். டொக். மணிக்கட்டால் துடைத்தது.

அவள் தட்டைக் கீழே வைத்தாள்.

"அக்கா," என்றாள் வள்ளித்தாய். குரலில் அழுகை இல்லை. "எங்க செல்வி அப்பிடித்தான் மூக்கத் தொடைக்கும். பதினோராம் நம்பர் வெடிச்ச அன்னைக்கு அது உள்ள இருந்துச்சா? நெசத்தச் சொல்லுங்கக்கா. எத்தன பேரு இருந்தாக?"

ஹர்ஷினி ஓடிவந்து அம்மாவின் இடுப்பைக் கட்டிக்கொண்டாள். பிடி இருந்தது. கனம் இல்லை.

"அது..." என்று தொடங்கினாள் அருணாதேவி.

திரையில் பச்சை துளிர்த்தது. ஒரு சின்ன உச்சந்தலை. ஒரு சின்னத் தோள்.

அவளுக்குப் புரிந்துவிட்டது. ஒரே ஒரு வார்த்தை. அஞ்சு. அதைச் சொன்னால் போதும், சின்னவள் தங்கிவிடுவாள்.

ராஜபாண்டியன் அவளையே முறைத்துப் பார்த்தான். மெல்லத் தலையை ஆட்டினான். வேண்டாம். வள்ளித்தாயின் சேலையிலிருந்து வெங்காயமும் வியர்வையும் கலந்த வாடை வந்தது. அடுப்படிக் கரி அப்பிய முகம். நகத்தில் அழுக்கு. இவளிடமா? இவள் காலில் விழுகிற மாதிரி, இவளிடமா?

அருவருப்பு முந்திக்கொண்டது. வாய் பழகிய வழியில் போயிற்று.

"நாலு பேருதான்."

இடுப்பில் பிடி விட்டது.

திரை எழுதியது: நான்கு பேர். தொடங்கலாம்.

சாம்பல் உருவம் எழுந்து நின்றது. அதன்மேல் பச்சை ஏறியது.

அருணாதேவி குனிந்தாள். டைல்ஸில் இரண்டு சின்ன ஈரக்காலடிகள். காய்ந்துகொண்டிருந்தன.

"ஏங்க. சின்னவ எங்க?"

"இந்தா நிக்காளே," என்றான் ராஜபாண்டியன்.

அவனுக்குப் பக்கத்தில் நின்றது. ஹர்ஷினியின் மஞ்சள் கவுன். தோளில் கிழிந்து தொங்கியது. அந்த உடம்புக்கு அது பத்தவில்லை. முழங்கைவரை பட்டாசு மருந்தின் வெள்ளிப் பொடி. பிரீத்திகா அதன் தோளில் கை போட்டுக்கொண்டாள். வள்ளித்தாய் ஒரு டம்ளரை எடுத்து அதனிடம் நீட்டினாள். அதன் முகத்திலிருந்து கண்ணை எடுக்காமல் நீட்டினாள்.

அது மணிக்கட்டால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, டம்ளரை வாங்கியது.

காலி மூலையில், தரையோடு தரையாக, சத்தம் கேட்டது.

டொக். டொக்.

"அம்மா. என்னையும் எண்ணும்மா."