சுப்பனின் வரித்தசை

நேற்றுப் பார்த்தபோது கோடுகள் இவ்வளவு நெருக்கமாக இல்லை. வரதராஜுலு நுண்ணோக்கியிலிருந்து கண்ணை எடுத்துக் கசக்கிவிட்டு மறுபடியும் குனிந்தார். மத்தியானத்திலிருந்து கரண்ட் இல்லை. ஜன்னலுக்கு வெளியே மழை மூட்டம், உள்ளே ஃபார்மலின் வாடை, ஸ்ரீபெரும்புதூர் சாலையில் ஈரத்தில் வழுக்கிப் போகும் லாரிகளின் இரைச்சல், எல்லாவற்றுக்கும் நடுவே, நுண்ணோக்கியின் அடிக்கண்ணாடி ஜன்னலிலிருந்து பிடித்துத் தந்த அந்த வட்ட வெளிச்சத்தில் நீளநீளமான இழைகள், ஒவ்வொன்றின் குறுக்கேயும் கருப்பும் வெளுப்புமாய் மாறி மாறி வரிகள். லாரி போனால் மேசை அதிரும், அதுதான் என்று நினைத்துக்கொண்டார். லாரி போன பிறகும் வரிகள் நெருங்கியபடியே இருந்தன.

யார் கேட்டார்கள் இவரை? அந்தச் சின்ன நர்சிங் ஹோமில் ரத்தமும் சிறுநீரும் பார்க்கிற வேலையோடு நின்றிருக்கலாம். பள்ளிக்கூடத்து விலங்கியல் ஆசிரியை காந்திமதியிடம், மூன்று வகைத் தசைக்கும் நுண்ணோக்கியில் வைக்கிற கண்ணாடித் தகடு நானே செய்து தருகிறேன் என்று பெருமையாக வாயை விட்டிருந்தார். ஆட்டுக்குடலில் வரியற்ற தசை சுலபமாகக் கிடைத்தது. ஆட்டு இதயத்தில், கிளைவிட்டுப் பின்னிக்கொண்ட இதயத்தசையும் நன்றாகவே வந்தது. எலும்போடு ஒட்டிய வரித்தசைதான் கறிக்கடைத் துண்டில் கிழிந்து கிழிந்து போனது.

அந்த வாரம் பென்னலூர் சுப்பனைக் கொண்டுவந்தார்கள். பட்டறை பிரஸ்ஸில் நசுங்கிய வலது கையை முழங்கைக்கு மேலே எடுக்க வேண்டியதாயிற்று. எடுத்த கையைத் துணியில் சுற்றி வீட்டாரிடம் கொடுப்பது வழக்கம். அவர்கள் கொண்டுபோய் மஞ்சள் தெளித்துப் புதைப்பார்கள். சுற்றிக்கொடுப்பது வரதராஜுலுவின் வேலை. சுற்றுவதற்கு முன்னால் முன்கையிலிருந்து விரல் நீளத்துக்குத் தசையை வெட்டி எடுத்துக்கொண்டார். மண்ணுக்குத்தானே போகிறது என்று இருந்தது அப்போது. சுப்பனின் மனைவி ரத்னா அந்த மூட்டையை இரண்டு கையாலும் வாங்கி மார்போடு அணைத்துக்கொண்டபோதே அவருக்கு உடம்பு கூசிப்போனது.

இப்போது அவளே வாசலில் நின்றாள்.

"சார், கைய முழுசாத்தான குடுத்தீங்க?"

"ஏம்மா?"

"இல்லாத கைல வலிக்குதுன்றாரு. முன்கைல, ஒரே எடத்துல, கத்தி வெச்சி அறுக்கறாப்புல கீதாம். விரல மடக்கப் பாக்கறாரு, முடியலயாம். எங்க மாமியா சொல்லுது, ஏதாவது கொறைஞ்சி பொதைச்சாதான் இப்படி ஆவும்னு." அவள் குரல் தாழ்ந்தது. "இருந்தா குடுத்துருங்க சார். நான் இன்னானு கேக்க மாட்டேன். அதே எடத்துல வெச்சிட்டு வந்துடறேன்."

மிச்சத் துண்டு அவர் முதுகுக்குப் பின்னால் அலமாரிச் சீசாவில் மிதந்துகொண்டிருந்தது. நீட்டினால் முடிந்தது விஷயம். ஆனால் எந்த முகத்தோடு நீட்டுவது?

"முழுசாத்தாம்மா குடுத்தேன்," என்றார்.

அவள் தலையாட்டிவிட்டுப் போனாள். ஐம்பது வயதில் திருடன் போல நிற்கிறோமே என்று அவருக்குக் காது மடல்வரை சுட்டது. அவள் முகத்தை மறக்க நுண்ணோக்கியில் குனிந்தார்.

இழைகள் சுருங்கின.

தளர்ந்தன. மறுபடியும் சுருங்கின. சாயம் ஏற்றி, பிசின் வைத்து ஒட்டி, கண்ணாடிக்குள் அடைத்த செத்த தசை. தகட்டை உருவிவிட்டு இதயத்தசையை வைத்தார். யாரும் சொல்லாமலே துடிக்கிற ஜாதி அது, அசையவில்லை. குடல் தசையும் அசையவில்லை. வரித்தசைத் தகட்டைத் திரும்ப வைத்தார். அதுதான் அசைந்தது. அது இயக்கு தசை. உடையவன் நினைத்தால் மட்டுமே அசையும்.

சுவருக்கு அந்தப் பக்கம்தான் வார்டு. சுப்பன் முனகுவது கேட்டது. முனகும்போதெல்லாம் வரிகள் நெருங்கின. நிறுத்தினால் விலகின. முனகல். நெருக்கம். முனகல்.

பின்னால் சீசா அலமாரியில் நகர்ந்தது.

திரும்பவில்லை அவர். ரத்னாவைக் கூப்பிடலாம். இப்போதுகூட. வாய் திறந்தது. வெட்கம் நாக்கை இழுத்துப் பிடித்தது. சீசா விழுந்து உடைந்தது. ஃபார்மலின் கண்ணை எரித்தது. தரையில் ஈரம். கண்ணாடித் துண்டுகள். தசையைக் காணோம்.

முனகல் நின்றது.

"இன்னாவோ ஆப்புட்டுது ரத்னா," என்றான் சுப்பன் சுவருக்கு அப்பால், நாலு நாளில் முதல்முறையாக நிம்மதியாக. "விரலு மடங்குது. கெட்டியாப் புடிச்சிக்கினேன். வலியே இல்ல."

ரத்னா ஓடிவந்தாள். கண் கலங்கிக் கும்பிட்டாள். "உங்க மேல போயி சந்தேகப்பட்டேன் சார். மன்னிச்சிருங்க."

"பரவாயில்லம்மா," என்றார் வரதராஜுலு.

வலது கையைத் தூக்க முடியவில்லை. அவள் பார்த்துவிடக் கூடாதே என்று இடது கையால் முழுக்கைச் சட்டையை அவசரமாக மணிக்கட்டுவரை இழுத்துவிட்டார். முன்கையில் சட்டைத் துணி ஐந்து இடத்தில் குழிந்தது. நான்கு ஒரு பக்கம். ஒன்று எதிர்ப்பக்கம். அவர் சிரித்தபடியே நின்றார். குழிகள் மெல்ல மெல்ல எலும்பை நோக்கி இறங்கின.