ரிவர்ஸ் சீட்டு

மைசூர் மண்டி மொஹல்லாவில் காலை எட்டு மணிக்கு வேலாயுதத்தின் ஆட்டோ கிளம்பும். அதில் ஏழு பிள்ளைகள் பள்ளிக்கூடம் போவார்கள். நாலு பேர் நல்ல சீட்டில், மூன்று பேர் பலகையில்.

பலகை என்றால் என்ன தெரியுமா? டிரைவரின் முதுகுக்குப் பின்னால் போட்டிருக்கும் சின்ன மரப்பலகை. அதில் உட்கார்ந்தால், ஆட்டோ போகிற திசைக்கு முதுகைக் காட்டிக்கொண்டுதான் போக வேண்டும்.

அந்தப் பலகையின் ஓரம் தமிழ்ப்ரியாவுக்கு. இத்தனைக்கும் ஆட்டோ அவள் அப்பாவுடையது. "மத்த வீட்டுல எல்லாம் நம்மள நம்பிப் புள்ளைங்கள அனுப்பறாங்க கண்ணு. நல்ல எடம் அவங்களுக்கு" என்று வேலாயுதம் ஒன்றாம் வகுப்பிலேயே சொல்லிவிட்டார். இப்போது அவள் ஆறாம் வகுப்பு. ஆறு வருடமாகத் தெருக்கள் எல்லாம் அவளைவிட்டு விலகி விலகித்தான் போகின்றன. டீக்கடை வருகிறது என்பது, அதைத் தாண்டிய பிறகுதான் அவளுக்குத் தெரியும்.

எதிரே நல்ல சீட்டில், அவள் முகத்தைப் பார்த்தபடி உட்காருவான் ஹேமந்த். அதே வகுப்பு. வீட்டில் கன்னடம், தெருவில் தமிழ், கோபம் வந்தால் இரண்டும். அவன்தான் அவளுக்கு 'ரிவர்ஸ்' என்று பெயர் வைத்தவன்.

"ஏய் ரிவர்ஸ், முன்னாடி யானை வருது பாரு" என்பான். அவள் கழுத்தைத் திருப்பிப் பார்ப்பாள். யானையும் இருக்காது, பூனையும் இருக்காது. ஆனால் மைசூரில் யானை வராது என்று யாரால் சத்தியம் பண்ண முடியும்? தசரா வந்தால் நிஜமாகவே வருமே. அதனால் அவள் தினமும் ஏமாந்தாள்.

இப்படி இருக்கும்போதுதான் அந்த அறிவிப்பு வந்தது. ஊருக்கு வெளியே இருக்கும் விமானப் பயிற்சிப் பள்ளியில், ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் சிமுலேட்டரில் உட்கார்ந்து பார்க்கலாம். சிமுலேட்டர் என்றால் இறக்கையும் வாலும் இல்லாத விமானம். ஓர் அறைக்குள்ளேயே இருக்கும். நகராது. ஆனால் உள்ளே உட்கார்ந்தால் பறப்பது போலவே இருக்கும்.

இரண்டு இரண்டு பேராக ஓட்ட வேண்டும். யார் உதவி கேட்காமல் ஓட்டி முடிக்கிறார்களோ, அந்த ஜோடிக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை நிஜ விமானத்தில் ஒரு சுற்று.

தமிழ்ப்ரியாவுக்கு அன்றைக்குச் சாப்பாடே இறங்கவில்லை. விமானத்தின் முன்சீட்டில் உட்கார்ந்தால் எல்லாமே முன்னால் தெரியுமாமே. அது ஒன்று போதும் அவளுக்கு.

நஞ்சுண்டசாமி சார் சீட்டுக் குலுக்கிப் போட்டார். அவளுக்கு ஜோடியாக வந்த பெயர் ஹேமந்த்.

"போச்சு. ரிவர்ஸ்கூட ஏறினா பிளேன் பின்னாடிதான் போகும்" என்றான் அவன். வகுப்பே சிரித்தது. அவள் பென்சிலைச் சீவிக்கொண்டே இருந்தாள். பாதிப் பென்சில் காலி.

வியாழக்கிழமை போனார்கள். சொல்லிக்கொடுத்தவர் ஸ்ரீதேவி மேடம். விமானம் ஓட்டுகிறவர் என்று சொன்னால் நம்ப முடியாது, அவ்வளவு மெதுவாகப் பேசினார்.

முன்னால் இரண்டு திரைகள். இடது திரையில் மேலே நீலம், கீழே பழுப்பு. வானமும் தரையும். அது ஓட்டுகிறவருக்கு. வலது திரையில் வரைபடம். அதில் ஒரு குட்டி வெள்ளை விமானம், அது போக வேண்டிய வழியாக ஒரு ரோஜா நிறக் கோடு. மலை மேடெல்லாம் சிவப்பு. அந்தத் திரையைப் பார்த்து வழி சொல்வது பக்கத்தில் இருப்பவரின் வேலை.

மேல்கோட்டைக்கு மேலே பறக்கத் தொடங்கி, நேராகத் தெற்கே வர வேண்டும். மைசூர் விமான நிலையத்தைச் சுற்றி ஒரு பச்சை வட்டம். அதற்குள் நுழைந்துவிட்டால் முடிந்தது. வெளியே முழுக்க மேகம் போட்டுவிடுவார் மேடம், திரையை நம்பித்தான் வர வேண்டும். உயரத்தை மாற்ற முடியாது, அதை அவர் பூட்டி வைத்துவிட்டார். வழியில் ஜாக்கிரதையாக இருக்க வேண்டியது சாமுண்டி மலை ஒன்றுதான்.

"கோடு இடது பக்கம் இருந்தா இடது பக்கம் திருப்புங்க. வலது பக்கம் இருந்தா வலது பக்கம். கையைத் தூக்கினா நான் வந்து சரி பண்ணிடுவேன். ஆனா உங்க முறை அதோட முடிஞ்சுது" என்றார்.

ஹேமந்த் ஓட்டினான். தமிழ்ப்ரியா வழி சொன்னாள். முதல் பத்து நிமிடம் வெண்ணெயில் கத்தி போவது போலப் போயிற்று. கண்ணம்பாடி அணை வலப்பக்கம் போனது. ஸ்ரீரங்கப்பட்டணம் இடப்பக்கம் போனது. ஹேமந்துக்கு விசிலே வந்துவிட்டது.

அப்புறம் மேடம் காற்றைக் கிளப்பினார். ஆடி மாசத்து மேற்குக் காற்று மாதிரி ஒரு காற்று. விமானம் கோட்டிலிருந்து மெல்ல ஒதுங்கியது.

"படம் சின்னதா இருக்கு. பெருசு பண்ணு" என்றான் ஹேமந்த்.

அவள் குமிழைத் திருகினாள். கைதவறி அமுங்கிவிட்டது. என்னவோ ஒரு பட்டியல் வந்தது. அதை மூட வேறு எதையோ அழுத்தினாள். திரை ஒருமுறை மின்னிற்று. படம் பெரிதாகிவிட்டது. அப்பாடா என்றிருந்தது அவளுக்கு.

"கோடு இடப்பக்கம் இருக்கு" என்று ஹேமந்த் இடது பக்கம் திருப்பினான்.

கோடு கிட்டே வரவில்லை. இன்னும் தள்ளிப் போயிற்று. இன்னும் கொஞ்சம் திருப்பினான். அது இன்னும் தள்ளிப் போயிற்று. துரத்தத் துரத்த ஓடுகிற கோழிக்குஞ்சு மாதிரி.

"ஏன் மாட்லி? ஏன் மாட்லி?" என்றான். என்ன செய்வது என்று புரியாவிட்டால் அவனுக்குக் கன்னடம்தான் வரும். திரையில் சிவப்பு நெருங்கியது. பீப், பீப் என்று சத்தம் வேறு. மேகத்துக்குள் எதிரே கறுப்பாக ஒன்று தெரிந்தது. சாமுண்டி மலை.

ஹேமந்தின் ஒரு கை மேலே எழும்பத் தொடங்கிவிட்டது.

தமிழ்ப்ரியா அந்தக் குட்டி வெள்ளை விமானத்தையே பார்த்தாள். அதன் மூக்கு எங்கே? முன்பு மேலே பார்த்துக்கொண்டிருந்ததே. இப்போது கீழே, அவள் மடியைப் பார்க்கிறது. ஆட்டோவில் ஹேமந்த் அவளைப் பார்த்து உட்காருவானே, அதே மாதிரி.

எதிரே இருக்கிறவனுக்கு எது இடது, எது வலது என்று அவளுக்கு யோசிக்கவே வேண்டாம். ஆறு வருடப் பழக்கம்.

"கையை இறக்கு ஹேமந்த். வலது பக்கம் திருப்பு" என்றாள்.

"கோடு இடது பக்கம் இருக்கு, கண்ணு தெரியலையா? நீ ரிவர்ஸா சொல்ற."

"ஆமா, ரிவர்ஸ்தான். அதனாலதான் சொல்றேன். பிளேன் நம்மளப் பாத்து வருது. அதுக்கு வலது, நமக்குத் திரையில இடது. திருப்பு."

அவள் குரலில் பயமே இல்லை. அதனால்தானோ என்னவோ, அவன் திருப்பினான்.

மலை இடப்பக்கமாக நழுவியது. பீப் சத்தம் நின்றது. ரோஜா நிறக் கோடு, ஒன்றும் நடக்காதது போலத் தானாகக் கிட்டே வந்தது. அதற்கப்புறம் அவள் "கொஞ்சம் இடது, போதும், நேரா" என்று சொல்லச் சொல்ல, அவன் மறுபேச்சு இல்லாமல் ஓட்டினான். பச்சை வட்டத்துக்குள் நுழைந்தார்கள்.

இறங்கியதும் ஹேமந்த் வேர்வையைத் துடைத்துக்கொண்டு, "மிஷின் கெட்டுப்போயிருக்கு மேடம். கோடு தப்புத் தப்பாக் காட்டிச்சு" என்றான்.

ஸ்ரீதேவி மேடத்தின் முகம் மாறிவிட்டது. உள்ளே இருந்த உமேஷைக் கூப்பிட்டார். மிஷின்களைப் பழுது பார்க்கிறவர் அவர். திரையைக் கழற்றிப் பார்த்தால்தான் தெரியும், இன்றைக்கு இனி யாரும் ஓட்ட முடியாது என்று அவர் சொன்னார்.

அடுத்த முறை மனிஷாவுடையது. ஒரு வாரமாக வீட்டில் சாப்பாட்டுத் தட்டை ஸ்டியரிங் மாதிரி பிடித்துக்கொண்டு பழகியவள். அவள் உதடு நடுங்கத் தொடங்கியது.

தமிழ்ப்ரியா தான் திருகிய குமிழைப் பார்த்தாள். சொன்னால் ஞாயிற்றுக்கிழமை போனாலும் போகும். சொல்லாவிட்டால் யாருக்கும் தெரியாது. மனிஷாவை ஒருமுறை பார்த்தாள்.

"மிஷின் நல்லாத்தான் இருக்கு மேடம். நான் எதையோ அழுத்திட்டேன். எதுன்னு தெரியல. படம் தலைகீழாயிடுச்சு. ஹேமந்த் மேல தப்பு இல்ல."

மேடம் குனிந்து திரையைப் பார்த்தார். சிரித்துவிட்டார். பள்ளிக்கூடத்துச் சுவரில் இருக்கும் வரைபடம் போல, வடக்கு எப்போதும் மேலே இருக்கும்படி மாறியிருக்கிறது, அவ்வளவுதான் என்றார். தெற்கே போகிற விமானம் அதில் கீழே பார்த்துத்தானே போகும்? ஒரு பொத்தானை அழுத்தினார். படம் சுழன்று பழையபடி நின்றது. மனிஷா ஓடிப்போய் ஏறிக்கொண்டாள்.

"எங்க முறை போச்சா மேடம்?" என்று தமிழ்ப்ரியா மெதுவாகக் கேட்டாள்.

"கையைத் தூக்கினீங்களா?"

"ஹேமந்த் பாதி தூக்கினான்."

"பாதி கணக்கில்ல" என்றார் மேடம். "அது சரி, திரும்பி நிக்கற படத்தை எப்படிக் கண்டுபிடிச்சே? எங்க மாணவர்களே முதல் மாசம் இதுல குழம்புவாங்க."

"எங்க ஆட்டோல எனக்குப் பலகை சீட்டு மேடம்" என்றாள் தமிழ்ப்ரியா. மேடத்துக்கு அது புரியவில்லை. ஹேமந்துக்குப் புரிந்தது.

வெள்ளிக்கிழமை காலை ஹேமந்த் நல்ல சீட்டில் உட்காரவில்லை. பலகையில் அவள் பக்கத்தில் இடித்துக்கொண்டு உட்கார்ந்தான். நாலு தெரு போவதற்குள் எந்தத் தெரு என்று அவனுக்குக் குழம்பிவிட்டது. "டீக்கடை எங்க போச்சு?" என்றான்.

"முன்னாடி யானை வருது, பாரு" என்றாள் அவள்.

அவன் சட்டென்று கழுத்தைத் திருப்பினான். வேலாயுதம் ஓட்டிக்கொண்டே குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. வெள்ளை நிறத்தில் நாலு சீட்டு விமானம். ஸ்ரீதேவி மேடத்துக்குப் பக்கத்தில் ஒரு சீட்டு, பின்னால் இரண்டு. வேலி ஓரம் ஆட்டோவை நிறுத்திவிட்டு வேலாயுதம் இரண்டு கையையும் ஆட்டினார்.

"முன்னாடி யார் உக்காரப் போறீங்க?" என்று மேடம் கேட்டார்.

தமிழ்ப்ரியா வாயைத் திறப்பதற்குள் ஹேமந்த் பின்சீட்டில் ஏறி, பெல்ட்டையும் போட்டுக்கொண்டுவிட்டான். "அவதான் மேடம். ஆறு வருஷமா ரிவர்ஸ்லயே போறா" என்றான்.

அவள் முன்சீட்டில் உட்கார்ந்தாள். இன்ஜின் உறுமியது. கண்ணாடிக்கு முன்னால் ஓடுபாதை நீளமாகக் கிடந்தது. பிறகு அது ஓடத் தொடங்கியது, அவளைவிட்டு விலகி அல்ல, நேராக அவளைப் பார்த்து.