கோயில்காட்டில் காணாமல் போன பூ

ஞானாம்பாள் வீட்டு வாசலில் மலர்கொடி வந்து நின்றபோது மணி எட்டுகூட ஆகவில்லை. பட்டுக்கோட்டைப் பக்கம் ஆடு மேய்ப்பவள்.

"எங்க கோயில்காட்டுல பூத்த பூவுங்க," என்று செல்போனை நீட்டினாள். "ஊர்க்கூட்டத்துல இந்தப் படத்தக் காட்டினேன். அரிய செடின்னா காட்டைக் கயிறு மில்லுக்குக் குடுக்கறதில்லன்னு முடிவு. மத்தியானம் வனத்துறை அதிகாரி வராங்க. காலையில போய்ப் பாத்தா பூவ யாரோ அறுத்துட்டாங்க!"

மீரா உசேன் பாய் படத்தை வாங்கிப் பார்த்தார். முப்பது வருஷம் போட்டோ ஸ்டுடியோ நடத்தியவர். ஓய்வு பெற்ற தாவரவியல் பேராசிரியை ஞானாம்பாளுடன் செடி தேடி அலைவதுதான் இப்போது அவர் வேலை.

"நேர் மேலேருந்து எடுத்திருக்கு மேடம். மங்கல் வேற. உயரமே தெரியல."

ஞானாம்பாள் மலர்கொடியிடம் திரும்பினார். "எவ்வளவு உயரத்துல நின்னுச்சு?"

"என் முழங்கால் உயரங்க."

"உயரத்த வேற யார்கிட்டயாவது சொன்னீங்களா?"

"யாரும் கேக்கலையே."

"இனியும் சொல்லாதீங்க."

மத்தியானம் மூவரும் காட்டுக்குப் போனபோது வனத்துறை அதிகாரி சுடர்விழி காத்திருந்தார். கூடவே, அங்கே கயிறு மில் கட்டத் துடித்த ராஜராஜன். தண்டு தரையோடு அறுக்கப்பட்டு மண் மெழுகப்பட்டிருந்தது.

"சேனைப் பூ மேடம்," என்று சிரித்தார் ராஜராஜன். "போட்டோவுல பாத்ததோட சரி, காட்டுக்குள்ள இன்னிக்குத்தான் கால் வைக்கிறேன். முழங்கால் உயரத்துக்கு ஒரு தண்டு, தலையில ஒரு நாத்தம் புடிச்ச பூ. இதுக்கா இவ்வளவு ஆர்ப்பாட்டம்?"

மீரா உசேன் சட்டென்று திரும்பினார். "மேடம்!"

"கேட்டேன், பாய்," என்றார் ஞானாம்பாள் அமைதியாக. "படத்துல தண்டே இல்லீங்க, ராஜராஜன். நேர்ல பாத்தவங்களுக்குத்தான் உயரம் தெரியும். இன்னொண்ணு, சேனைப் பூ தரையோட ஒட்டி உக்காந்திருக்கும். உயரத் தண்டுல நிக்கறது காட்டுக்கருணை. இருபது வருஷமா இந்த வட்டாரத்துல நான் தேடற செடி. அதிகாரி முன்னால அதை அடையாளம் காட்டினதே நீங்கதான்!"

ராஜராஜன் ஓரடி பின்வாங்கினார். "எங்க போட்டீங்க?" என்று சுடர்விழி அதட்டினார்.

"வாய்க்கால்ல," என்றார் அவர், கீழே பார்த்தபடி.

தண்ணீர் வராத வாய்க்காலில் ஈ மொய்த்துக் கிடந்தது பூ. மீரா உசேன் ஓடிப்போய் எடுத்து வந்தார். நாற்றம் குடலைப் பிடுங்கியது. அவரோ பிள்ளையைத் தூக்குவதுபோல் ஏந்தியிருந்தார். சுடர்விழி தண்டை அளந்தார். ஒன்றே முக்கால் அடி. ஞானாம்பாள் மண்ணை விலக்கினார். கிழங்கு வெட்டுப்படாமல் இருந்தது.

"அடுத்த வருஷமும் பூக்கும்," என்றார்.

"காட்டுக்கருணைதான். காட்டை யாரும் தொட முடியாது." சுடர்விழி பதிவேட்டைத் திறந்தார். "கண்டுபிடிச்சவங்க பேரு? ஞானாம்பாள்னு எழுதிக்கவா?"

"இல்லீங்க," என்று ஞானாம்பாள் மலர்கொடியின் தோளைப் பிடித்து முன்னால் நிறுத்தினார்.

"மலர்கொடி," என்றாள் அவள், காடு முழுக்கக் கேட்கும்படி.