வலப்பக்கத்து இருக்கை

இருக்கைப் பட்டி பூட்டிக் கிடந்தது. வலப்பக்கத்து முன் இருக்கையில் ஆளில்லை. ஆனால் பட்டி மட்டும் யாரோ ஒருவரின் இடுப்பைச் சுற்றியதுபோல் சற்றே எழும்பி வளைந்து, கொளுக்கி மாட்டியபடி இருந்தது. இரத்தினசிங்கம் மெழுகுத் துணியுடன் கார்க்கதவைப் பிடித்தபடி நின்றான். நவம்பரில் ஹ்விடோவ்ரே என்ற அந்த டெனிஷ் ஊரில் நாலு மணிக்கே இருட்டிவிடும். பல் வைத்தியரின் கராஜுக்குள் ஒற்றைக் குழல்விளக்கு வண்டுபோல முரன்றுகொண்டிருந்தது. மெழுகும் பெற்றோலும் புது இருக்கை உறையும் கலந்து நாறிய அந்தக் காருக்குள், எல்லாவற்றுக்கும் அடியில், மிக மெல்லிதாகச் சீயாக்காய் மணத்தது. பல் வைத்தியர் சீயாக்காய் வைத்து முழுகுபவர் அல்லர். முழுகுவதற்கு அவர் தலையில் ஒன்றும் மிச்சமில்லை.

பட்டியைக் கழற்றினான். துடைத்தான். பல் வைத்தியர் பீற்றர்தான் மறந்துபோய்ப் பூட்டியிருப்பார் என்று மனதுக்குச் சொன்னான்.

பீற்றர் அந்தக் காரின் ஒரு திருகாணியைக்கூட மறக்கமாட்டார் என்பது மனதுக்கும் தெரியும். துருப்பிடித்த கூடாக அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்ததை வருடக்கணக்காகத் திருத்தி எடுத்தவர் அவர். நோயாளியின் வாய்க்குள் கையை விட்டபடிதான் அதன் சரித்திரத்தைச் சொல்லுவார். யாரும் குறுக்கே கதைக்கமுடியாது. அறுபத்து நாலில் ரெம்பெஸ்ற் என்ற சாதுவான குடும்பக் காருக்குள் பெரிய எஞ்சினைத் திணித்தார்களாம், அதுதான் பொன்ரியாக் ஜீ.ரீ.ஓ.வின் பிறப்பு. இரண்டு வருடத்தில் தனி மொடலானது. அறுபத்தெட்டில் உடம்பு வளைந்து, முன் பம்பர்வரை ஒரே நிறமானது. அறுபத்தொன்பதில் செம்மஞ்சள் பூசி, பின்னால் சிறகு வைத்து, 'த ஜட்ஜ்' என்று பதவியேற்றது. எழுபத்தொன்றில் ஜட்ஜ் ஓய்வுபெற்றார், எழுபத்து நாலில் வம்சமே முடிந்தது. அந்தக் கம்பீரப் பெயர் தொலைக்காட்சிப் பகிடி ஒன்றிலிருந்து வந்ததென்பதை மட்டும் பீற்றர் கடைசியில், வாய் கழுவும் தண்ணீர்ச் சத்தத்தோடு சேர்த்துச் சொல்லுவார்.

காலையில் பல் வைத்தியசாலையைக் கூட்டுவதும் பின்னேரத்தில் பீற்றரின் அந்த ஜட்ஜ் காரை மினுக்குவதும் இரத்தினசிங்கத்தின் வேலை. ஊராருக்கு அவன் சொன்னது, "நான் ஜட்ஜோடதான் வேலை." கேட்டவர்கள் மரியாதையாகத் தங்கள் விசாக் கதைகளோடு வடையும் கொண்டுவந்தார்கள். அவன் திருத்தவில்லை. வடை நல்ல வடை.

அவனுடைய சொந்தக் கதைக்குத்தான் ஜட்ஜ் கிடைக்கவில்லை. மனைவி தவமலரை ஊரிலிருந்து எடுப்பிக்க எண்பத்தேழிலேயே விண்ணப்பித்திருந்தான். எப்போது கேட்டாலும் கோப்பு 'கவனிப்பில்' இருப்பதாகச் சொன்னார்கள். டெனிஷில் கவனிப்புக்கும் சிகிச்சைக்கும் ஒரே சொல். இவ்வளவு காலம் சிகிச்சையில் கிடக்கும் கோப்பு பிழைக்குமா என்று கேட்க வாயெடுத்து, ஒவ்வொரு முறையும் நன்றி சொல்லிவிட்டு வந்தான். தமிழரின் கோப்புகளைத் தொடவேண்டாமென்று மேலிடமே சொல்லி வைத்திருந்த கதை பின்னர்தான் பத்திரிகைகளில் வந்தது. அதை வாசித்த அன்று ஜட்ஜின் பம்பரைக் கை வலிக்கும்வரை தேய்த்தான்.

பட்டி பூட்டிக் கிடந்த நாளுக்கு முந்தின ஞாயிறுதான் பூசை நடந்தது. இந்துக்கள் வாகனத்துக்குப் பூசை செய்வார்கள் என்று எங்கோ வாசித்த பீற்றர், தன் கார்ச் சங்கத்துக்காரர்களைக் கோப்பியும் கேக்கும் தந்து அழைத்திருந்தார். பூசைக்குக் கோணேஸ்வரன் வந்தார். கிழமை நாட்களில் இறைச்சித் தொழிற்சாலை, ஞாயிறில் பூணூல். மந்திரம் முழுக்கக் கசெற்றில் பாடமாக்கியது. கசெற்றில் ஐயர் இருமும் இடத்தில் இவரும் பக்தியோடு இருமுவார். சக்கரங்களுக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்தாயிற்று.

"ஆரின்ர பேருக்கு அருச்சனை?" என்று கேட்டார் கோணேஸ்வரன்.

பீற்றருக்கு நட்சத்திரம் கிடையாது. சாமி பேருக்கே செய்யச் சொல்லியிருக்கலாம். "மலரின்ர பேருக்குச் செய்யுங்கோ அண்ணை. தவமலர், ரேவதி நட்சத்திரம்," என்றான் இரத்தினசிங்கம். "அவள் வந்து சேர்ந்தாக் காணும்."

கோணேஸ்வரன் அந்தப் பெயரை மூன்று முறை சொல்லி, சாரதி இருக்கையில் பூவும் குங்குமமும் வைத்தார். வலப்பக்கத்தில்.

"அண்ணை, இஞ்ச சாரதி இடப்பக்கம்."

கோணேஸ்வரன் பார்த்தார். சங்கத்துக்காரர்கள் கைதட்டிக்கொண்டிருந்தார்கள். "பேர் சொல்லி வைச்ச பூவை எடுக்கக்கூடாது," என்றார் கம்பீரமாக. "அதில அவ இருக்கட்டும்."

அதன்பிறகு ஒவ்வொரு பின்னேரமும் பட்டி பூட்டிக் கிடந்தது. இருக்கையின் மேல்விளிம்பில் தலையெண்ணெய் ஊறியது. துடைத்தால் மறுநாளும் ஊறியது. உறையைத் தொட்டால், சற்றுமுன் யாரோ எழும்பிப்போன சூடு. பீற்றர் அவனைக் கூப்பிட்டு, சரித்திரப் பெறுமதியுள்ள இருக்கையில் குந்தியிருந்து கனவு காணவேண்டாம் என்று பண்பாகச் சொன்னார். அவன் மன்னிப்புக் கேட்டான். செய்யாததற்கு மன்னிப்புக் கேட்பதில் அந்த நாட்டில் அவனுக்கு நல்ல பயிற்சி இருந்தது.

ஒருநாள் பின்சக்கரத்துக்குப் பக்கத்தில் குனிந்து துடைக்கும்போது உள்ளே வளையல் குலுங்கியது. நிமிர்ந்தான். நின்றது. குனிந்தான். குலுங்கியது.

அவன் அன்றைக்குப் பின்சக்கரத்தைத் துடைக்கவில்லை.

அந்தக் கிழமையே அனுமதி வந்தது. கொழும்பு லொட்ஜிலிருந்து தவமலர் தொலைபேசியில் கதைத்தாள். குரல் கிணற்றுக்குள் இருந்து வருவதுபோல் இருந்தது. சந்தோசம் என்றாள். பிறகு, "இஞ்சருங்கோ, இஞ்ச எல்லாரும் விசிறியோட இருக்கினம். எனக்கு மட்டும் ஏன் குளிருது?" என்றாள். "கொஞ்ச நாளா ஒரு மெழுகு மணமும் வருது."

லைன் அறுந்தது.

பீற்றர் விடவில்லை. அகதியின் மனைவியை ஜட்ஜில்தான் ஏற்றவேண்டும். அமைச்சு செய்யாததைத் தன் கார் செய்ததென்று உள்ளூர்ப் பத்திரிகையில் படம் வரவேண்டும். பஸ்ஸில் போகிறேன் என்று இரத்தினசிங்கம் மூன்று விதமாகச் சொல்லிப் பார்த்தான். பீற்றருக்கு அது அடக்கமாகத் தெரிந்தது. அவள் வந்து இறங்கும் நாள் பின்னேரம் கஸ்ற்ரப் விமான நிலையத்து வாசலுக்கு வந்ததும், பீற்றர் கையில் குட்டி டெனிஷ் கொடியோடும் படக்காரரோடும் உள்ளே போனார். எஞ்சினை நிறுத்தினால் இந்தக் குளிரில் திரும்பக் கிளம்பாது. ஆகவே இரத்தினசிங்கம் சாரதி இருக்கையில் இருக்கவேண்டும். அவனுடைய மனைவியை அவனுக்காகப் பீற்றர் வரவேற்பார்.

இருந்தான். இருட்டியது. வெளியே ஈரப்பனி. எஞ்சினின் உறுமல் முள்ளந்தண்டுக்குள் ஏறியது. வலப்பக்கத்தைப் பார்க்காமல் இருந்தான். பட்டி அன்றைக்குப் பூட்டியிருக்கவில்லை. அது அவனுக்கு ஆறுதலாக இல்லை.

கண்ணாடிக் கதவு திறந்தது. தவமலர்.

தனியே வந்தாள். பெட்டி இல்லை. கோட் இல்லை. கலியாணப் படத்தில் இருந்த அதே முகம், ஒரு நாளும் கூடாமல். வரிசையில் நின்ற அத்தனை கார்களையும் விட்டு, நேராக வந்து, வலப்பக்கக் கதவைத் திறந்து ஏறினாள். கதவு அடைக்கும் சத்தம் கேட்கவில்லை.

"மலர். பீற்றர் எங்க? உம்மைக் காணேல்லையோ?"

அவள் முன்னாலே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இந்தக் கார்தான் எண்டு எப்பிடித் தெரியும் உமக்கு?"

"தெரியாமல் என்னப்பா," என்றாள். "இவ்வளவு நாளும் இதிலதானே இருந்தனான்."

பட்டியை எடுத்துப் பூட்டினாள். கிளிக்.

பொலிஸ்காரன் ஒருவன் முன்னால் வந்து, இடத்தை விடு என்று கை காட்டினான். இரத்தினசிங்கத்தின் கால் பிரேக்கில்தான் இருந்தது. கார் நகர்ந்தது. இன்னும் அழுத்தினான். நகர்ந்தது.

பின்கண்ணாடியைப் பார்த்தான்.

வாசலில் கொடி ஆடியது. படக்காரரின் வெளிச்சம் மின்னியது. அந்த வெளிச்சத்தில் ஒரு பெண். மெலிந்து, மூக்குக்கண்ணாடி போட்டு, யாரோ கொடுத்த பெரிய சிவப்புக் கம்பளிச் சட்டையோடு, பெட்டி வண்டிலைத் தள்ளியபடி. இரண்டு வருடக் காத்திருப்பு முழுக்க முகத்தில். செம்மஞ்சள் காரைக் கண்டு சிரித்தாள். கார் போவதைக் கண்டாள். சிரிப்பு நின்றது.

வண்டிலை விட்டாள். ஓடத் தொடங்கினாள். வாய் திறந்து மூடியது. இஞ்சருங்கோ.

கால் பிரேக்கில். முழுப்பலமும்.

கண்ணாடிக்குள் தவமலர் கையை நீட்டியபடி ஓடி வந்துகொண்டிருந்தாள். பக்கத்தில் தவமலர், பின்னால் பார்க்காமலே, அவனுடைய முழங்காலில் கையை வைத்தாள்.